பாருக்கு அடியில் தொடங்கும் தொழில்

சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலை எட்டாது. ஆகவே வலக்காலைப் பாருக்கு அடியில் நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பாரையும் பற்றிக்கொண்டு பிள்ளைகள் ஓட்டுவதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். பெரியவர்களுக்கு அது சேட்டை. ஆனால் பெரியவர்களின் அளவுக்குச் செய்த வண்டி தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்து, பொருந்தாத இடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்த காரியம் அது. சைக்கிள் வடிவமைப்பாளரின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை வண்டிக்காகத் தன் உடம்பை வளைக்கிறது. வடிவமைப்பாளர் உடம்புக்காக வண்டியை வளைக்க வேண்டும். சைக்கிள்மேல் ஆசை உள்ள எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட முடியாது. ஓட்டும்போது படும் சிரமத்தை அளந்து பார்க்கப் பழகியவருக்கு மட்டும் அந்த ஆசை தொழிலுக்கு முதலாகிறது.

அப்படிப் பழகுவதற்குத் தென்காசி–குற்றாலம் சாலை தோதான இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்குகிறது. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கும் அதுவே காரணம். அந்நாட்களில் குற்றாலம் நோக்கி மிதிப்பவர் ‘காத்து தள்ளுது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கணக்கு மேலே போகும். காற்றின் தடை, எதிர்ப்படும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காற்றில்லாத நாளைப்போல் நான்கு மடங்கு தடை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய வண்டியில் அவ்வளவையும் நெஞ்சு வாங்கும். முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள, கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிள் என்றால், பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகர்ந்தாக வேண்டும். மேட்டில் முழங்கால் வலிப்பது வயதால் மட்டும் அல்ல, அந்தப் பல் கணக்காலும்தான். சாரல் விழுந்தால் இன்னொரு சிக்கல். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்ததும் ரப்பர் பிரேக் கட்டை பிடிப்பதில்லை. அலுமினிய ரிம் இதைவிட மேல். டிரம் பிரேக்கையும் டிஸ்க் பிரேக்கையும் மழை அவ்வளவாகப் பாதிக்காது. காற்று, மேடு, ஈரம் என்று இந்தச் சாலையில் போகிறவர்கள் சலித்துக்கொள்ளும் ஒவ்வொன்றும் வடிவமைப்பாளருக்கு ஒரு கணக்கு.

இத்துறையில் பெயர் எடுத்த சிலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். இங்கிலாந்தின் நார்விச்சில் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்துவந்த மைக் பர்ரோஸ், சைக்கிள் மோகத்தால் கார்பன் இழையில் பந்தய வண்டி செய்தார். அதன் வழிவந்த லோட்டஸ் 108 வண்டியில்தான் கிறிஸ் போர்ட்மேன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக பர்ரோஸ் பின்னர் செய்த வேலை சாதாரணமாக ஓட்டுபவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. படுக்கையாக இருந்த மேல் பாரைச் சீட்டுப் பக்கம் சரித்தார். அதனால் சில அளவு ஃபிரேம்களைக் கொண்டே பல உயரத்தாருக்கு வண்டி பொருத்த முடிந்தது. ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ எதிர்த்துப் போராடியது காற்றை. கைகளை நெஞ்சுக்கு அடியில் மடக்கிக்கொள்ளும்படி தானே ஒரு வண்டி வடிவமைத்து, சலவை இயந்திரத்தின் பேரிங்கை அதில் பொருத்தி, 1993இல் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார்.

அதற்காக ஓட்டுபவர் தன் உடம்பை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கு ஏற்றது பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் என்பதே பொதுவான எண்ணம். அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஆண்கள் சைக்கிளையே விரும்பிக் கேட்ட பெண்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர்கள் சொன்ன காரணம், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது. குரங்குப் பெடல் போடும் பிள்ளைக்கு இடைஞ்சலான அதே பார், தாய்க்கு இன்னொரு இருக்கை. தன் சிரமத்தை அளக்கத் தெரிந்தவர் அடுத்தவரிடம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் பிழைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் சைக்கிள் தொழிலின் மையம் லூதியானா. தமிழ்நாட்டில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தந்தது முருகப்பா குழுமத்தில் 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். வடிவமைப்புக்கென்று உள்ள வேலைகள் அதிகம் இல்லை. ஆனால் குழாய் எந்த இடத்தில் முறியும், எடையை எங்கே குறைக்கலாம், மணிக்கட்டும் இடுப்பும் எவ்வளவு தாங்கும் என்று கற்றவருக்கு மின்சார ஸ்கூட்டர், சக்கர நாற்காலி, மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டி எல்லாமே பக்கத்து வீடுகள். அதற்கு ஆசை மட்டும் போதாது. ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் பன்னாட்டுத் தரம், மிதிப்பதுபோன்ற விசையை ஃபிரேமில் ஒரு லட்சம் முறை செலுத்தி விரிசல் விடுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. விரிசல் ஏன் விழுகிறது என்று அறிய இயந்திரவியல் படிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் தொடங்கலாம், ஐ.ஐ.டி. மெட்ராஸின் பொறியியல் வடிவமைப்புத் துறை, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரை போகலாம். அதற்கெல்லாம் முந்தைய பள்ளிக்கூடம் ஊர் சைக்கிள் கடை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியை இறுக்கி மறுபக்கக் கம்பியைத் தளர்த்திக் கோட்டம் எடுக்கிறாரே கடைக்காரர், அது விசைகளின் சமநிலை பற்றிய பாடம்.

தென்காசியில் இருந்துகொண்டா இதெல்லாம் என்பது அடுத்த கேள்வி. பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதுகிறது. மென்பொருளுக்குக் கணினி போதும், சைக்கிளுக்குக் குழாயும் வெல்டிங்கும் சோதனைக்கூடமும் வேண்டும் என்றால் அது உண்மை. அவற்றைத் தேடி அம்பத்தூருக்கோ லூதியானாவுக்கோ ஒருநாள் போகத்தான் வேண்டும். ஆனால் சிக்கலைக் கண்டு அளக்கும் முதல் பாதி வேலை நடப்பது சாலையில். வரும் சாரல் சீசனில் ஒரு பிளஸ் டூ மாணவர், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், ஒரே வேகத்தில் வந்து ஒரே இடத்தில் பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். வெயிலில் வண்டி நின்ற இடத்துக்கு நேரே மதில் சுவரில் ஒரு கரிக்கோடு, சாரலில் நின்ற இடத்துக்கு நேரே இன்னொன்று. அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அவர் செய்ய வேண்டிய வேலை.