உங்கள் பெயரில் எத்தனை சிம்?

சிங்கப்பூரில் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளில் சிலர் கடைசி வாரத்தில் ஒரு காரியம் செய்கிறார்கள். கையில் இருக்கும் சிம் கார்டை, தேக்கா பக்கம் பழக்கமான யாரோ ஒருவரிடம் சில வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். பழைய அட்டைதானே என்று நினைப்பு. அட்டை பழையதாக இருக்கலாம். தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு உரியவர் நீங்கள்தான். அந்த எண்ணிலிருந்து ஒரு மோசடி அழைப்பு போனால் போலிஸ் முதலில் தேடுவது உங்களைத்தான்.

2025 ஜனவரி 1 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள அக்கறை காட்டாமலோ தன் பெயரிலுள்ள சிம்மைக் கைமாற்றினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லித் தப்புவது கடினம். வீட்டார், உடன் பிறந்தவர் நேர்மையாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். ஆனால் அறைத் தோழருக்கே கொடுத்தாலும் எண் உங்கள் பெயரில்தான் நிற்கும், மறக்காதீர்கள்.

விற்காதவருக்கும் ஆபத்து உண்டு. சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 3 ப்ரீபெய்டு சிம்தான். உங்கள் பெயரில் மீதமிருக்கும் எண்ணிக்கையைக் குறிவைத்து, ‘சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை’ என்று சொல்லி ஒர்க் பெர்மிட்டை இரண்டு தடவை ஸ்கேன் செய்து, இரண்டாவது சிம்மைத் தனியே விற்ற கடைக்காரர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ஒர்க் பெர்மிட் அட்டை உங்கள் கண்ணை விட்டு அகலக் கூடாது. நடைபாதை மேசையில் ‘இலவச சிம்’ என்று கூப்பிட்டால் நிற்கவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இது. ஒர்க் பெர்மிட், பாஸ்போர்ட் இரண்டின் அசலையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சொந்த வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போங்கள். சில்லறைக் கடைக்கு அல்ல. என் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேளுங்கள். வாங்காத எண் இருந்தால் ரத்து செய்யச் சொல்லி, அதற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா ஒவ்வொன்றும் தன் கணக்கை மட்டுமே காட்டும்; ஆகவே எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். எரிச்சலான வேலைதான், வேறு வழியில்லை. பிறகு அந்தத் தாளோடு அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். மோசடியா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். பேசத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவியை நாடுங்கள்.

ஊர் திரும்பும்போதும் இதே சேவை மையம்தான். முதலில் வங்கி, பேநவ் கணக்குகளில் அந்த எண்ணை மாற்றுங்கள். அதன் பிறகு எண்ணை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் ஓடிபி வராமல் சொந்தப் பணத்தை எடுக்கவே அல்லாட வேண்டியிருக்கும்.

புதிய போன் தருகிறார்கள் என்று 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இன்னொரு அசட்டுத்தனம். ஒர்க் பெர்மிட்டே பெரும்பாலும் 2 ஆண்டுக்குத்தான். முதலாளி நினைத்தால் நடுவிலேயே முடிந்துவிடும். ஒப்பந்தத்தை முறிக்கும் கட்டணம் உங்கள் தலையில். ப்ரீபெய்டு, அல்லது ஒப்பந்தம் இல்லாத மாதாந்தர சிம் போதும். வீட்டோடு வாட்ஸ்அப்பில்தானே பேசப் போகிறீர்கள்? டேட்டா அளவையும், உங்கள் விடுதியில் எந்த நிறுவனத்துக்கு சிக்னல் கிடைக்கிறது என்பதையும் மட்டும் பாருங்கள்.

இந்திய எண்ணைப் பற்றி வேலைக்கு அனுப்பும் ஏஜென்டுகள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆதாரும் பிஎஃபும் வங்கியும் அதில்தான் தொங்குகின்றன. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்து மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. முடக்கிய எண் பின்னாளில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். வங்கிக் கிளையைக் கேட்டால் ‘நேரில் வாங்க’ என்பார்கள், விமான டிக்கெட்டை அவர்களா எடுத்துத் தருவார்கள்?

ஆகவே சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன் ஊரிலேயே சர்வதேச ரோமிங்கைத் தொடங்கி, குறுஞ்செய்தி வருமா என்று நிறுவனத்திடம் உறுதி செய்யுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பில் பதம் பார்த்துவிடும். எண்ணின் வேலிடிட்டி முடியும் தேதியை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, ரீசார்ஜ் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு இருந்தால் சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்பதைப் பயணத்துக்கு முன்பே கிளையில் கேட்டுவிடுங்கள்.