ஸ்கூபா டைவிங்: மிதவை அங்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அந்தமானின் ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்), கர்நாடகத்தின் நேத்ராணி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஸ்கூபா டைவிங் பயில்வோருக்குப் பெரும்பாலும் 'ஜாக்கெட்' வகை மிதவை அங்கியே வழங்கப்படுகிறது. 'பிசிடி' எனப்படும் இந்த அங்கி சிலிண்டரைத் தாங்குவதுடன், காற்றை ஏற்றியும் வெளியேற்றியும் வீரரின் மிதப்பைச் சீராக்குகிறது.

ஜாக்கெட் வகையில் காற்றுப்பை உடலின் இரு பக்கங்களையும் சூழ்ந்திருக்கும். நீர்ப்பரப்பில் நிமிர்ந்து மிதக்க உதவுவதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் முழுமையாகக் காற்றேற்றினால் மார்பை இறுக்கக்கூடும். முதுகுப்புறத்தில் மட்டும் காற்றுப்பை உள்ள 'விங்' வகையில் இந்த இறுக்கம் இல்லை. பவளப்பாறைகளில் கால் படாமல் கிடைமட்டமாக நீந்துவதும் எளிது. எனினும், மேற்பரப்பில் காற்று அதிகமானால் முகத்தை முன்னோக்கித் தள்ளும். சற்றுக் காற்றைக் குறைத்துப் பின்னால் சாய்ந்தால் போதும்.

எந்த வகையாயினும், காற்றை விரைந்து வெளியேற்ற முடிகிறதா என்பதே முக்கியம். 10 மீட்டர் ஆழத்தில் அங்கியில் உள்ள காற்று, மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரிவடையும். அதை வெளியேற்றத் தவறினால் உடல் கட்டுப்பாடின்றி மேலெழும். நுரையீரல் சேதமடையவும், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உருவாகவும் வாய்ப்புண்டு. ஆகவே, வால்வின் இழுகயிறு கைக்கு எட்டுகிறதா என்பதைக் கரையிலேயே அங்கியை அணிந்து சோதிக்க வேண்டும்.

வெப்பக் கடல்களில் மெல்லிய நீச்சல் உடையே போதுமானது என்பதால் மிகப் பெரிய காற்றுப்பை தேவையில்லை. உப்பு படிந்து காற்றேற்றும் பொத்தான் சிக்கிக்கொள்வதுண்டு. வாடகை அங்கியானால் அதனையும் அழுத்திப் பார்ப்பது அவசியம்.