சைஸ் மட்டும் சொன்னால் போதாது

உதிரிபாகக் கடைக்கு ஆயில் சீலோ ஓரிங்கோ வாங்கப் போகிறவர்கள், பழைய துண்டை மேசைமேல் வைத்து "இதே சைஸ் கொடுங்க" என்பார்கள். கடைக்காரரும் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பார். என்ன ரப்பர் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. வலுவுக்காக கார்பன் கரித்தூள் கலப்பதால் இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை ஒரே கறுப்பாக இருக்கின்றன; கண்ணால் பார்த்தோ விரலால் அழுத்தியோ இனம் பிரிக்க முடியாது. ஆனால் அளவு சரியாக இருந்து ரப்பர் மட்டும் மாறிப்போனால், அந்தப் பாகம் விரைவிலேயே உப்பும், அல்லது வெடிப்பு விடும். உறையின்மேல் என்.பி.ஆர்., இ.பி.டி.எம். என்று அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பொறியாளர் சமாசாரம் என்று ஒதுக்குகிறோம். வாங்குகிறவர் அளவோடு சேர்த்துக் கேட்டே தீரவேண்டிய விவரம் அது.

என்.பி.ஆர். என்றால் நைட்ரைல் பியூட்டாடையீன் ரப்பர். 1930களில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் 'பூனா-என்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. பியூட்டாடையீனின் முதலெழுத்துகளோடு, சோடியத்தின் ஜெர்மன் பெயரான நாட்ரியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பூனா'. இந்த ரப்பரின் தேவையை ஒரு சின்ன விஷயம் விளக்கும். இயற்கை ரப்பர் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் அது எண்ணெயைக் குடித்து உப்பி, வலுவிழந்துவிடும். இனம் இனத்தோடு சேரும் என்பது வேதியியலிலும் உண்மை. எண்ணெய் மூலக்கூறில் மின்னேற்றம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதில்லை; இயற்கை ரப்பரும் அப்படியே; அதனால் ஒன்றுக்குள் ஒன்று எளிதாகப் புகுந்துவிடுகிறது. நைட்ரைல் தொகுதியிலோ மின்னேற்றம் சாய்ந்திருக்கிறது, எண்ணெய் ஒட்டாமல் விலகுகிறது. பெட்ரோல் குழாய், என்ஜின் சீல் இவற்றில் என்.பி.ஆர். நிலைத்தது இதனால்தான்.

அப்படியென்றால் எங்கும் நைட்ரைலையே போட்டுவிடலாமே என்று தோன்றும். பிரேக்கில் போட்டால் ஆபத்து. கார்களில் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலைப் பெயரளவில்தான் ஆயில் என்கிறோம். அது கிளைக்கால் வகைத் திரவம், மின்னேற்றம் சாய்ந்தது. நைட்ரைல் அதை உறிஞ்சி உப்பும். எண்ணெயில் உப்பிப்போகும் இ.பி.டி.எம். என்ற இன்னொரு செயற்கை ரப்பரோ இந்தத் திரவத்தில் அசையாமல் இருக்கும். இ.பி.டி.எம். எண்ணெயில் உப்பும் அதே காரணத்தால், பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவது தவறு. கழுவிய ரப்பர் கப் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் உப்பி, திரவம் திரும்பிப்போகும் சிறு துளையை மூடிவிடும். ஓட்டுநர் காலை எடுத்தபிறகும் அழுத்தம் இறங்காது. பிரேக் பிடித்தபடியே சக்கரம் சூடேறும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக் கைப்பழக்கம் போதாதா என்று கேட்கலாம். எந்த இடத்தில் எது தாங்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அந்த அறிவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையிலிருக்கும் கறுப்பு வளையம் எந்த ரப்பர் என்பதை உறையில் எழுதியிருக்காவிட்டால் அவராலும் சொல்ல முடியாது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் அதற்குள்ளேயே நிறைய செய்தி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 1629 தரநிலையின்படி, கடைசி எழுத்து 'ஆர்' என்றால் மூலக்கூறின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அங்கேதான் தாக்கி வெடிக்க வைக்கும். 'எம்' என்றால் முதுகெலும்பில் அந்தப் பலவீனம் இல்லை. வெயிலில் காயும் கார்க் கதவின் விளிம்பு ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம்.மாக இருப்பது அதனால்தான்.

விலை கூடியதை வாங்கினால் கவலை இல்லை என்பதும் சரியல்ல. எஃப்.கே.எம். என்ற ஃபுளோரின் ரப்பர் வெப்பத்தையும் எண்ணெயையும் தாங்கும், விலையும் அதிகம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தின் பூஸ்டர் ராக்கெட்டில் இருந்த ஓரிங்குகள் அந்த வகைதான். அன்றைய குளிரில் அவை விறைத்து, இடைவெளியை உடனே அடைக்க முடியாமல் போனதில் ஏழு பேர் உயிரிழந்தனர். செயற்கை ரப்பரே மட்டம், இயற்கை ரப்பர்தான் அசல் என்பாரும் உண்டு. 1942இல் இயற்கை ரப்பர் விளைந்த மலாயாவை ஜப்பான் கைப்பற்றியபின் அமெரிக்கா அவசரமாக ஆலைகள் கட்டிய காலத்தில் செயற்கை ரப்பர் மாற்றுச் சரக்காகவே மக்களுக்கு அறிமுகமானது, ஆகவே அந்த எண்ணம் இயல்பு. விமான டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் முதன்மை, ஏனென்றால் உருளும்போது அது குறைவாகவே சூடேறுகிறது. பெட்ரோல் குழாயில் அதே ரப்பர் நிற்காது.

இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கிறது. எத்தனாலும் மின்னேற்றம் சாய்ந்த திரவமே. தனிப் பெட்ரோலைத் தாங்கிய சாதாரண நைட்ரைல், இந்தக் கலவையில் கூடுதலாக உப்பும். பழைய வண்டிக்கு ஃபியூயல் குழாயும் கார்புரேட்டர் ஓரிங்கும் மாற்றுகிறவர் பழைய துண்டைக் காட்டி அதே சைஸ் வாங்கிவந்தால், பழைய பெட்ரோலுக்கான பாகமே திரும்ப வண்டியில் ஏறக்கூடும். அளவை அச்சிடும் ஒவ்வொரு உறையிலும் ரப்பரின் வகையையும், எந்தத் திரவத்துக்கு ஏற்றது என்பதையும் தமிழிலும் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை கடையில் நிற்கும் நாம்தான், என்.பி.ஆரா இ.பி.டி.எம்.மா, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.