மதகில்லா ஏரி

ஏரி என்றதும் திருவண்ணாமலையில் வாழும் நமக்குச் சமுத்திரம் ஏரி நினைவுக்கு வரும். நம் முன்னோர் மண்ணை வெட்டிக் கரை கட்டி, வயலுக்கு நீர் விட மதகும், மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கலும் அமைத்தார்கள். மனிதர் கை படாமல், பனிக்கட்டியே கரை எழுப்பி உண்டாக்கிய ஏரிகளும் உலகில் உள்ளன. அவற்றைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோமா?

உயர்ந்த மலைகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காக இறுகிக் கட்டியாகிறது. தன் எடை தாங்காமல் அது மெல்லச் சரிவில் நகர்கிறது. இதுவே பனியாறு. அது செல்லும் வழியில் பாறையைக் குடைந்து, உடைந்த கல்லையும் மண்ணையும் சுமந்து வந்து முன்னாலும் ஓரங்களிலும் குவிக்கிறது. வெப்பம் கூடும்போது பனியாறு உருகிப் பின்வாங்க, அது விட்டுச் சென்ற பள்ளத்தில் நீர் தேங்குகிறது. முன்பு குவித்த கல்லும் மண்ணும் அதற்குக் கரையாகின்றன. வட அமெரிக்காவின் சுபீரியர் ஏரிப் பள்ளமும் பண்டைப் பனிப்படலங்கள் குடைந்ததே. அதன் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல்!

நம் நாட்டில் சிக்கிம் மாநிலத்தின் வடக்கே, கடல் மட்டத்திற்குச் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் இத்தகைய ஏரி ஒன்று உள்ளது. தெற்கு லோனாக் என்பது அதன் பெயர். 1976ஆம் ஆண்டில் அதன் பரப்பு ஏறக்குறைய 20 ஹெக்டேர்தான். பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி நீண்டுகொண்டே போயிற்று. 2023 செப்டம்பரில் அது 167 ஹெக்டேராகி விட்டது. ஆபத்தை உணர்ந்த அறிஞர்கள் 2016இல் குழாய்கள் பதித்து நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்ற முயன்றனர். ஆயினும் ஏரி பெருகுவது நிற்கவில்லை.

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, ஏரியின் ஓரத்தில் உறைந்து நின்ற மண்மேடு சரிந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கன மீட்டர் மண்ணும் கல்லும் நீரில் விழவே, சுமார் 20 மீட்டர் உயர அலை எழுந்து முன்கரையை உடைத்தது. வெளியேறிய நீர் சுமார் ஐந்து கோடி கன மீட்டர். நமது சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அத்தனையும் குறுகிய பள்ளத்தாக்கில் ஒரே இரவில் பாய்ந்தது. அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் சுங்தாங் என்னும் ஊரில் தீஸ்தா நதியின் குறுக்கே நின்ற 60 மீட்டர் உயர அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை.

இவ்வளவு பெரிய அழிவு ஏன் நேர்ந்தது? அந்தக் கரை சிமெண்டால் இறுக்கியதன்று. கல்லும் மண்ணும் உறைபனியும் கலந்த குவியல். பனி உருகினால் அதன் பிடிப்பும் தளரும். மிகுந்த நீரை அடக்கி ஒழுங்காக வெளியேற்ற அதற்கு மதகும் இல்லை; நாம் அமைப்பது போன்ற உறுதியான கலங்கலும் இல்லை. ஓரிடத்தில் உடைப்பு எடுத்தால், பாயும் நீரே அவ்வுடைப்பை மேலும் அகலமாக்குகிறது.

"பனிமலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" எனச் சிலர் கேட்கலாம். நம் மலையில் பனியாறு இல்லை என்பது உண்மையே. ஆனால் 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் ஊறிய மண்ணும் பாறையும் நம் மலைச்சரிவிலிருந்து சரிந்து வீட்டின் மேல் விழுந்ததை நம் ஊர் மறக்கவில்லை. அதில் ஏழு உயிர்கள் பலியாயின. அவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். அங்கே உருகிய பனி, இங்கே கொட்டிய மழை. பிடிப்பை இழந்த மண் சரிந்தது இரண்டிடத்திலும் ஒன்றே.

ஆகவே தோழியரே, செயற்கைக்கோள் கொண்டு பனி ஏரிகளை அளப்பதும், நீர்மட்டம் உயர்ந்தால் கீழுள்ள ஊர்களுக்கு உடனே அறிவிப்பதும் உயிர் காக்கும் பணிகள். பூகோளம் தேர்வுக்காக மட்டும் படிக்கும் பாடமன்று. நாம் குடியிருக்கும் நிலத்தின் சரிவு எது, நீர் ஓடும் வழி எது என்று அறிந்து, அவ்வழியை அடைக்காமல் வாழக் கற்பதே அதன் முதற் பயனாகும்.