கல்யாண நோட்டில் எழுதாமல் விட்ட வேலைகள்

தங்கைக்குத் தை மாதக் கடைசி வாரம், அதாவது பிப்ரவரி தொடக்கத்தில் கல்யாணம் என்று முடிவானதும், அம்மா ஒரு நோட்டை எடுத்து வேலைகளை எழுத ஆரம்பித்தார். சமையல், புடவை, தாலி, பத்திரிகை, நாதஸ்வரம், தாம்பூலப்பை என்று மூன்று பக்கம் போனது. எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். என்னென்ன செய்யணும் என்பது அதில் இருக்கும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது இருக்காது. கடைசி மூன்று மாதத்தில் வீடு திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

1957 வாக்கில் அமெரிக்காவில் டியூபான்ட் நிறுவனத்துக்காக மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். ரசாயன ஆலைகளின் கட்டுமான, பராமரிப்பு வேலைகளைத் திட்டமிட வந்த முறை அது. விஷயம் எளிமையானது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று இருக்கும் வேலைகளைச் சங்கிலியாகக் கோர்க்கணும். இருப்பதிலேயே நீளமான சங்கிலி எதுவோ, அதில் ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்ற சங்கிலிகளில் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆலையில் முடிவு தேதியைத் தள்ளலாம். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது. அதனால் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணணும்.

எங்கள் வீட்டில் நீளமான சங்கிலி பத்திரிகைதான். சமையல்காரர் இலைக் கணக்கைப் பத்து நாள் முன்னால் கேட்டார். அந்தக் கணக்கு, அழைத்து முடித்தால்தான் தெரியும். நேரில் போய் அழைக்க வேண்டிய வீடுகள் 150. ஒரு நாளைக்கு 8 வீடு என்றால் 19 நாள். சனி, ஞாயிறு மட்டும்தான் போக முடியும் என்பதால் பத்து வாரம். இரண்டு அணியாகப் பிரிந்தால் ஐந்து வாரம். ஆக, கையில் அச்சடித்த பத்திரிகை ஏழு வாரம் முன்னால் இருக்கணும். திருத்தம் பார்த்து அச்சாகி வர இரண்டு வாரம். அப்போ ஒன்பது வாரம் முன்னால், கார்த்திகை நடுவிலேயே, பத்திரிகையில் யார் யார் பெயர் என்பது முடிவாகியிருக்கணும்.

இதில் மார்கழி வேறு குறுக்கே வருகிறது. 29 அல்லது 30 நாள். அந்த மாதத்தில் முகூர்த்தப் புடவை எடுப்பதோ, தாலிக்குப் பொன் கொடுப்பதோ எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆவணிக் கல்யாணம் என்றால் ஆடி இதே வேலையைச் செய்யும். அதனால் புடவையைக் கார்த்திகையிலேயே எடுத்தோம். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய மார்கழி முழுக்கக் கிடைத்தது. தாம்பூலப்பைக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை, அதை இரண்டு வாரம் முன்னால் வாங்கினால் போதும். ஆனால் நோட்டில் புடவைக்கும் தாம்பூலப்பைக்கும் ஒரே ஒரு வரிதான்.

இப்படிக் கோர்த்துப் பார்த்தபோதுதான் நோட்டிலேயே இல்லாத ஒரு வேலை தெரிந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பாகப்பிரிவினைத் தகராறு. பத்திரிகையில் சித்தப்பா பெயர் போடுவதா, வேண்டாமா? "அதைக் கடைசியில பாத்துக்கலாம்"னு எல்லாரும் சொன்னோம். ஆனால் அச்சு, அழைப்பு, இலைக் கணக்கு மூன்றும் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

காசு கொடுத்து முடிக்கிற வேலைகளுக்கு எப்படியாவது ஆள் கிடைத்துவிடும். முடிவு எடுக்க வேண்டிய வேலைகளை யாரும் வேலையாகவே எழுதுவதில்லை. எத்தனை இலை, யார் பெயர், எவ்வளவு கடன் வரைக்கும் போகலாம் என்பதெல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு தேதியும் போடுங்க. நாங்கள் "சித்தப்பா: ஐப்பசி 30" என்று எழுதினோம். மூத்தவர் இறங்கிப் போவதா என்று அப்பாவுக்குத் தயக்கம் இருந்தது. தேதி எழுதியிருந்ததால் போனார். இரண்டாவது அணியாக ஊர்ப் பக்கம் அழைக்கப் போனவர் சித்தப்பாதான்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் செய்பவர் பெயரை எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் "அம்மா" என்றே வந்தது. ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று தாளில் இருக்கும் இரண்டு வேலை, இரண்டையும் செய்வது ஒரே ஆள் என்றால் நடக்காது. தையல்காரர், பூ, பந்தல் மூன்றையும் நானும் அண்ணியும் வாங்கிக்கொண்டோம்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு வேலை மிச்சம் உண்டு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவுக்குப் பத்திரிகையும் கேட்பார்கள் என்பதால், மணமக்கள் பெயரைச் சான்றிதழில் இருக்கிற எழுத்துப்படியே அச்சடிப்பது நல்லது. அந்த வேலைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி எழுதி வைத்துவிடுங்க.