மன்னம்பிட்டியில் ஏறும் தண்ணீர் வெருகலுக்கு எப்போது வரும்?

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் நீல நிறத்தில் மூன்று கோடுகள் உண்டு. 2014 டிசெம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, சேறு காய்ந்து நின்ற அடையாளத்தைப் பார்த்து நானே கீறியவை. மேல்கோட்டைத் தண்ணீர் தொட்டால் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கீறி என்ன பயன் என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் வந்த பிறகு கோடு எதற்கு? தண்ணீர் வருமுன் தெரிய வேண்டுமானால் கிணற்றடியைப் பார்த்துப் பயனில்லை, மன்னம்பிட்டியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

வெருகலாறு என்று நாங்கள் சொல்வது மகாவலியின் ஒரு கிளை. மலையகத்தில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடும் ஆறு, கடைசியில் பிரிந்து ஒரு பக்கம் கொட்டியாரக் குடாவிலும் மறுபக்கம் வெருகலிலும் கடலில் விழுகிறது. ஆகவே எங்கள் முற்றத்தில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வரலாம். வெயில் எறிக்கிறதே என்று வயலுக்குப் போனவர்கள் மாலையில் இடுப்பளவு தண்ணீரில் திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

மன்னம்பிட்டியில் ஆற்றின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது. விக்டோரியா, ரந்தெனிகல பக்கமிருந்து வரும் தண்ணீரும், மொரகஹகந்தவைத் தாண்டி வரும் அம்பன் கங்கையின் தண்ணீரும் சேர்ந்த கணக்கு அங்கே தெரியும். வெள்ளக் காலத்தில் அந்த அளவுகள் சில மணித்தியாலங்களுக்கு ஒரு முறை அட்டவணையாக வெளிவருகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதைப் பகிர்கிறது. கைத்தொலைபேசியில் எல்லோருக்கும் வந்து சேர்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

அந்த அட்டவணையில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று மட்டங்கள் குறித்திருப்பார்கள்: எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம். பக்கத்தில் முந்தைய அளவு, இப்போதைய அளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்ற குறிப்பு, பெய்த மழை. பலரும் இப்போதைய அளவை மட்டும் பார்த்துவிட்டு, 'வேறோர் ஆற்றில் இதைவிடக் கூட, எங்களுக்குப் பயமில்லை' என்கிறார்கள். அது பிழை. ஒவ்வோர் அளவுகோலின் பூச்சியமும் அந்தந்த இடத்துக்கென்று வைத்தது. ஓரிடத்து இலக்கத்தை இன்னோரிடத்து இலக்கத்தோடு ஒப்பிட முடியாது. அதோடு சில இடங்களில் அளவு மீற்றரில், சில இடங்களில் அடியில். கொழும்பு நாகலகம் வீதியில் களனி கங்கையை அடியில்தான் சொல்வார்கள். பார்க்க வேண்டியது அதே இடத்தின் வெள்ள மட்டத்துக்கு இன்னும் எவ்வளவு மிச்சம், எவ்வளவு வேகமாக அந்த மிச்சம் குறைகிறது என்பதைத்தான். மட்டம் குறைவாக இருந்து வேகமாக ஏறுவது, உயர்ந்த மட்டத்தில் அசையாமல் நிற்பதைவிட எனக்குப் பயம் தருவது.

இன்னொரு விடயம் மாதம். மாரி தொடங்கும்போது மேலேயுள்ள நீர்த்தேக்கங்களில் இடம் இருக்கும், பெய்த மழையில் பெரும்பங்கை அவை வாங்கிவிடும். மார்கழிக் கடைசியில், தையில் அவை நிரம்பிவிட்டால் அதே மழைக்கு வான்கதவு திறந்தாக வேண்டும். 'போன மாதம் இதைவிடப் பெய்தது, ஒன்றும் வரவில்லை' என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை.

சரி, மன்னம்பிட்டியில் ஏறினால் எங்களுக்கு எவ்வளவு நேரம்? இதற்கு ஒரே பதில் கிடையாது. இடையில் வில்லுகள் இருக்கின்றன. ஆற்றோரத்துப் பெரும் பள்ளங்கள் அவை, கோடையில் மாடு மேய்வதும் அங்கேதான். அவை வெறுமையாக இருந்தால் வெள்ளத்தைக் குடித்துப் பிடித்துவைக்கும், நிரம்பியிருந்தால் அப்படியே அனுப்பும். அதனால்தான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மன்னம்பிட்டி அளவும் நேரமும் ஒரு பக்கம், எங்கள் கீழ்க்கோட்டைத் தண்ணீர் தொட்ட நேரம் மறுபக்கம். சில தடவை ஒரு பகல் கிடைத்தது, சில தடவை அதற்கும் மேல். கடல் கொந்தளிக்கும் நாட்களில் முகத்துவாரத்தில் வடிவதும் பிந்துகிறது.

2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஷெல் விழ விழ ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினோம். காணி உறுதி அப்போது போனது. பிரதி எடுக்க எத்தனை வருடம் அலைந்தோம் என்பது தனிக் கதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் அதே மாவிலாற்றின் அணை உடைத்துக்கொண்டது. அந்த இரவிலும் எங்கள் ஆட்கள் செய்தது 2006இல் செய்ததைத்தான்: கடைசி நிமிடம்வரை வீட்டில் இருந்து, பிறகு ஒரு பையோடு ஓடியது. ஷெல்லுக்கு முன்னறிவித்தல் இல்லை. ஆற்றுக்கு இருக்கிறது. ஆனால் ஓடிப் பழகிய உடம்புக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இன்னுமொரு முறை வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் முதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு வருடம் அலுவலகம் ஒன்றிலிருந்து எங்களுக்கு வந்த எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை வாசிக்க ஆள் தேடியதிலேயே நேரம் போய்விட்டது. இப்போது நாங்கள் சிலர் அட்டவணையை எங்கள் பேச்சுத் தமிழில் குரல்பதிவாக்கி வாட்ஸ்அப்பில் போடுகிறோம்: 'எச்சரிக்கை மட்டத்துக்கு இன்னும் ஒரு முழம், ஏறுது.' சந்தேகம் வந்தால் கிராம சேவையாளருக்கும் 117க்கும் எடுக்கிறோம்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கும் வந்திருக்கிறது. எச்சரிக்கை மட்டம் தொட்டால் மாட்டுப் பட்டி மேட்டுக்கு. மாடுகளைச் சேர்க்கவே அரை நாள் வேண்டும், அதனால் அது முதலில். சிறு வெள்ள மட்டம் என்றால் விதைநெல் பரணுக்கு, பிள்ளைகளும் வயதானவர்களும் பாடசாலைக்கு. உறுதியும் அடையாள அட்டையும் மாரி பிறந்த நாளிலேயே பிளாஸ்ரிக் உறைக்குள் போய்விடும். பெரு வெள்ள மட்டத்துக்கு நாங்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அந்த நேரம் ஊரில் ஆள் இருக்கக்கூடாது.

கொப்பி இப்போது மூத்த மகளிடம். போன மாரியில் இரவு இரண்டு மணிக்கு அவள்தான் என்னை எழுப்பி, 'அப்பா, மன்னம்பிட்டியில் இறங்குது' என்றாள். அதற்குப் பிறகும் கீழ்க்கோட்டுக்கு மேல் இரு விரல் தண்ணீர் ஏறித்தான் நின்றது. அதையும் எழுதி வைத்திருக்கிறாள்.