எதிர்த்திசை ஜெட் எங்கே போனது?

பிரதியின் மௌனம் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. அந்த மௌனம் எப்படி விழுந்தது என்று சோதித்துப் பார்த்தோமா? இயற்பியலிலிருந்து ஓர் உதாரணம்.

நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000இலிருந்து தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். அந்தச் சூட்டில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்ற குழம்பாகிவிடும். கணநேரம்கூட நிலைக்காத அதற்குள் வெளியிலிருந்து எதைச் செலுத்திப் பார்ப்பது? மோதலிலேயே பிறக்கும் குவார்க்தான் சாட்சி. இரண்டு குவார்க்குகள் எதிரெதிராகத் தெறித்து, தலைக்கொரு துகள்தாரையாக, அதாவது ஜெட்டாக, வெளிவர வேண்டும். குழம்புக்குள் மாட்டிக்கொண்டது மோதி மோதி, குளுவான்களை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். இப்படி ஓர் இழப்பு இருக்குமென்று பியோர்கன் 1982லேயே எழுதியிருந்தார்.

ஒரு பக்கம் ஜெட் தெரிந்தது. எதிர்ப்பக்கம் காணோம். குழம்பு விழுங்கிவிட்டது என்று உடனே முடிவு கட்டவில்லை (நாமாயிருந்தால் கட்டியிருப்போம்). தங்க அணுக்கருவின் இயல்பே காரணமாக இருக்கலாமே? டியூட்டிரானைத் தங்கத்தோடு மோதவிட்டார்கள். தங்கம் அதே தங்கம். ஆனால் பெரிய குழம்பு கிடையாது. 2003இல் முடிவு வந்தது: எதிர்ப்பக்க ஜெட் ஒழுங்காக வந்து நின்றது. ஆக, தடுத்தது குழம்புதான்.

இழந்த ஆற்றல் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. செர்னில் 2010இல் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது கிடைத்த தரவுகளில் சிஎம்எஸ் குழு அதைத் தேடியது. ஜெட்டை விட்டு விலகி, அகன்ற கோணங்களில், வலுக்குறைந்த துகள்களாக அது சிதறிக் கிடந்தது.